நீ கேட்டது ஒரு கழிப்பறை

அக்கா,

கம்பெனி இந்த வருஷக் காலண்டரில் உன் படத்தைப் போட்டிருக்கிறது. இன்று காலை மிளகு ஷெட்டில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். பச்சைச் சேலை கட்டி, கைகூப்பி, பல் தெரியச் சிரிக்கிறாய். கீழே, 'எங்கள் மக்கள், எங்கள் பொறுப்பு' என்று அச்சடித்திருக்கிறார்கள். நீ செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

அந்தச் சேலை உன்னுடையதுகூட இல்லை. மலைமேல் வாழவந்தி நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த கழிப்பறையைத் திறந்த அன்று, மலை மக்கள் என்று காட்டுவதற்காக ஷெட்டிலிருந்து நம்மில் நாலு பேரை வேனில் ஏற்றிப்போனார்கள். உடுத்தக் கொடுத்த சேலையைச் சாயங்காலமே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சுவரெல்லாம் டைல்ஸ், எவர்சில்வர் குழாய், கதவைவிடப் பெரிய பெயர்ப்பலகை. பிள்ளைகளுக்கு நல்லதுதான், அதில் எனக்குக் குறையில்லை. என் மகளும் அங்கேதான் படிக்கிறாள்.

நம் ஷெட்டில் என்ன இருந்தது? முன்னால் ரோடு, பின்னால் லாரிக்காரர்கள், ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. மிளகுத் தூசி தொண்டையை எரிக்கும். தண்ணீர் குடித்தால் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டுமே என்று, காலையில் வந்ததிலிருந்து பஸ் ஏறும்வரை நாக்கை நனைக்காமல் மிளகு சலித்துக்கொண்டிருப்போம். எனக்கு முன்பிருந்தே அங்கே வேலை செய்தவள் நீ.

அன்றைக்கு ரிப்பன் வெட்ட வேண்டியவர்கள் வரத் தாமதமானது. நீ ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டாய். சூப்பர்வைசர் பதறிக்கொண்டு ஓடிவந்தபோது, முகம் கழுவிக்கொண்டு சாவகாசமாக வெளியே வந்தாய்.

"அவங்க வெட்டறப்ப வெட்டட்டும் கண்ணு, என்னால முடியல" என்றாய் என்னிடம்.

திறப்பு விழாவை நடத்தி வைத்தவள் நீதான் என்று கேலி செய்து சிரித்தோம். பிறகு வந்தார்கள், வெட்டினார்கள், கைதட்டினோம். நம்மிடம் மிளகு வாங்கும் வெளிநாட்டுக்காரர் உன்னைப் பார்த்து ஏதோ கேட்டார். வேறு என்ன வேண்டும் என்று கேட்கிறார் என மேனேஜர் தமிழில் சொன்னார்.

நீ கைகூப்பினாய். "எங்க ஷெட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு கட்டிக் குடுங்க சாமி."

மேனேஜர் சிரித்த முகத்தோடு அவர் பக்கம் திரும்பி, நீ நன்றி சொல்வதாக இங்கிலீஷில் சொன்னார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் புரியும். படம் எடுத்தது அந்த நேரத்தில்தான். கேட்டது கிடைத்துவிடும் என்று நம்பி நீ சிரித்த சிரிப்பு அது.

மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தபோது கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருந்தது. நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்க மாட்டாயா என்று டாக்டர் உன்னைத் திட்டினார். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். கடைசியில் கம்பெனியிலிருந்து ஒரு ரோஜா மாலை வந்தது. அதிலும் அவர்கள் பெயர்.

ஷெட் அப்படியேதான் இருக்கிறது. அந்த வெளிநாட்டுக்காரர் அடுத்த வாரம் மறுபடி வருகிறாராம். உன் இடத்தில் என்னை நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். சிரித்த முகமாக நின்றால் போதுமாம். நிற்கிறேன். நீ கேட்டதை மகளிடம் சொல்லி இங்கிலீஷில் மாற்றித் தரச்சொன்னேன். மிளகு சலிக்கும்போதெல்லாம் முணுமுணுத்து மனப்பாடம் செய்துவிட்டேன். வேலை போய்விடும் என்று பயமாகத்தான் இருக்கிறது அக்கா. ஆனாலும், முதலில் கேட்டவள் செத்துப்போனாள் என்று ஒரு வரியையும் சேர்த்திருக்கிறேன்.