சாத்திய கதவும் மேல் கட்டிலும்

செவ்வாய்க்கிழமை

இன்று தென்காசி கோர்ட்டில் என் விவாகரத்து வழக்கு. குடும்ப விஷயம் வெளியே போகக்கூடாது என்று நீதிபதி உம்மாவைக்கூட வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார். என் கணவர் துபாயிலிருந்து வீடியோவில் வந்தார். பின்னால் அடுக்குக் கட்டில்கள்.

“இவதான் எங்கிட்ட பேச மாட்டேங்கா” என்றார்.

மேல் கட்டிலில் போர்வை அசைந்தது. “பொய் சொல்லாத மாப்ளே. அந்தப் புள்ள கூப்பிடும்போதெல்லாம் நீதான கட் பண்ணுத.”

போன் கட் ஆகும்போதெல்லாம் அவர் டூட்டியில் இருக்கிறார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். “யார் அது?” என்று நீதிபதி கேட்டதும் வீடியோ அணைந்தது. வழக்கு ஒத்திவைப்பு.

உள்ளே என்ன நடந்தது என்று பஸ்ஸில் உம்மா துளைத்தெடுத்தாள். நான் வாயே திறக்கவில்லை. கடையநல்லூரில் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு மாமி நின்றாள்.

“இப்பதான் போன்ல சொன்னாவ. மேல் கட்டில்ல படுத்திருந்தது எங்க வீட்டுக்காரருதான், ஏட்டி.”

ரகசியம் காத்ததற்கு உம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.