தலைப்பிரசவத்துக்கு வராதே

சேவூர், ஆரணி
ஞாயிற்றுக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான மகள் டயானாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் புனேயில் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

உன் தம்பி சார்லியை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தோம். இமை இன்னும் தொங்குகிறது. மாடி ஏறினால் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். உடம்பின் செல்களுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறதாம். அதற்குத் தனி டிஎன்ஏ உண்டாம். அது அம்மாவிடமிருந்துதான் வருமாம். அதைக் கேட்டதும் உன் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என்ன செய்வேன், சொல்.

பெரிய டாக்டர், அந்த டிஎன்ஏவில் பிழை இல்லை, அதன்மேல் ஏதோ அடையாளம் ஒட்டிக்கொண்டு செல் அதைச் சரியாகப் படிக்க விடாமல் செய்கிறதோ என்று சந்தேகப்படுகிறார். சாப்பாடு, புகை, ரசாயனம் எதனாலும் ஒட்டலாமாம். கூட இருந்த டாக்டரம்மாவோ, அப்படி ஒட்டுகிறதா என்பதே இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்கிறார். நான் யாரை நம்ப? பிறப்பில் வந்ததா, வீட்டில் வந்ததா? பின்னால் இருக்கும் சாயப்பட்டறைப் புகையில்தான் நீயும் வளர்ந்தாய். உனக்கு ஒன்றும் இல்லையே.

உன் ரத்தத்தையும் பார்க்க வேண்டுமாம். மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வாயோ தெரியாது. மறைக்காமல் சொல்லிவிடு.

இன்னொன்று. தலைப்பிரசவத்துக்கு இங்கே வராதே. உன் மாமியார் கோபித்துக்கொள்வார், ஊரும் பேசும், பேசட்டும். அம்மா வழியாக வருவது அம்மா வீட்டுக்கு வராமல் இருந்தால் நின்றுவிடுமா என்று எனக்கே தெரியவில்லை. "அக்காவுக்கு வர்றதா இருந்தா பொறக்கும்போதே வந்திருக்கும்மா, சும்மா பேஜார் பண்ணிகினு இருக்காத" என்று சார்லி சிரிக்கிறான். அதுவும் சரிதான், அப்படியானால் நீ வரலாமே என்று நினைக்கிறேன். உடனே சாப்பாடு, புகை என்று பெரிய டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, வராதே என்றே எழுதுகிறேன். ஆனாலும் உன் அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். ஏன் அடித்தாய் என்று கேட்காதே.

வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாராக. சபைக்காரர்கள் யாராவது போன் செய்து, பிறக்கப்போகிற பிள்ளை ஜெபராணி மாதிரியே இருக்கட்டும் என்று வாழ்த்தினால், தயவுசெய்து ஆமென் மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா,
ஜெபராணி