தட்டில் வளரும் செல்கள்

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலை நம் பாப்பா பாதி ரொட்டியைத் தின்றுவிட்டு, மீதியை வந்து சாப்பிடுவதாகச் சொல்லி மூடி வைத்தாள். ஸ்டெம் செல் சிகிச்சை தொடங்கும் முன்பே அவள் இதயம் நின்றுவிட்டது.

இன்று மதியம் ஆய்வகத்து அம்மா வருகிறார். சிகிச்சைக்கென்று பாப்பாவின் இரத்தத்திலிருந்து ஆய்வகத் தட்டில் வளர்த்த இதயச் செல்களை, அதே நோய் உள்ள பிள்ளைகளுக்காக மருந்துச் சோதனைக்கு வைத்துக்கொள்வதா, அழித்துவிடுவதா என்று கேட்பார்.

"அவளே போயிட்டா, அவ செல்லு மட்டும் எதுக்கு உழைக்கணும்?" என்று நேற்று கேட்டாய். நான் குழாய் ரிப்பேர்ப் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

"ஊருல எல்லாக் குழாயும் ஒழுகுது, உங்களுக்கு வசதிதான்" என்றாய். நியாயம்தான். இன்றும் ஒன்று ஒழுகுகிறது.

வைத்துக்கொள்ளட்டும் என்பது என் எண்ணம். நீ வேண்டாமென்றால் வேண்டாம், மறுபேச்சு பேச மாட்டேன்.

சோறு குக்கரில் இருக்கிறது. முட்டை வேகவைத்திருக்கிறேன், உரிக்கவில்லை. வாசல் மணி வேலை செய்யவில்லை, கதவைத் திறந்தே வை.

உன் குழாய்க்காரப் புருஷன்

பி.கு. முடிவு சொல்வதற்கு முன், அந்த ஆய்வகத்து அம்மா போனில் வைத்திருக்கும் வீடியோவைக் காட்டச் சொல். எனக்கு நேற்று அனுப்பினார். தட்டில் அந்தச் செல்கள் இன்னும் துடிக்கின்றன.