நெட்டச்சிக்குப் பசிக்கிறது

இன்று காலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு நம் கம்ப்யூட்டர் விளையாட்டைத் திறந்ததும் முதலில் காதில் விழுந்தது உங்கள் வீட்டுப் பசு மெல்லும் சத்தம்தான். கரக், கரக் என்று நிதானமாக அரைத்து, நடுவில் ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடியும் கரக். கீழ்பென்னாத்தூரில் உங்கள் மாட்டுக் கொட்டகையில் போனை அதன் வாயருகே நீட்டியபடி நீ பதிவு செய்தது. நம்முடைய நீண்ட கழுத்து டைனோசர்கள் எல்லாவற்றுக்கும் அந்தச் சத்தத்தைத்தான் வைத்திருக்கிறோம். பதிவின் கடைசியில், உற்றுக் கேட்டால் மட்டும், "துன்னு, துன்னு" என்று உன் குரல் வரும். அதை வெட்டிவிடச் சொல்லியிருந்தாய். டைனோசர் காலத்தில் மனுஷி எங்கிருந்து வந்தாள் என்று யாராவது கேட்பார்களாம். வெட்டுவதற்காகத்தான் இன்று திறந்தேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன்.

நீ இல்லாமல் போன பிறகு உன்னிடம் கேட்க வேண்டிய கேள்விகள் ஜாஸ்தியாகிவிட்டன. துக்கத்தைவிட அதுதான் என்னைப் படுத்துகிறது. ஒரு மிருகம் தூங்கும்போது வால் எந்தப் பக்கம் கிடக்கும், மழை பெய்தால் அது ஒதுங்குமா, நனையுமா? இதையெல்லாம் வேறு யாரிடம் போய்க் கேட்பேன்? கேட்டால் வைத்தியம் பார்க்கச் சொல்வார்கள்.

கல்லூரியில் ஒரே பெஞ்ச், பிறகு ஆளுக்கொரு வேலை, மாலையானால் வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடி அறை. நான் கோட் எழுதுவேன். நீ உருவங்களைச் செய்து அவற்றை நடக்க வைப்பாய். நம் விளையாட்டில் துப்பாக்கி கிடையாது, மனிதர்கள் கிடையாது. விளையாடுகிறவரே டைனோசர். முட்டையிலிருந்து வெளியே வந்து, தின்று, தப்பி, வளர்ந்து, முடிந்தால் முட்டையிட்டு வாழ வேண்டும். அவ்வளவுதான். இந்த அவ்வளவுக்குள் நாம் போட்ட சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. உனக்கு அது நிஜம் போல இருக்க வேண்டும். எனக்கு அது விளையாட்டாக இருக்க வேண்டும்.

முதல் சண்டை பசியைப் பற்றி. திரையின் மூலையில் ஒரு பச்சைக் கோடு, நேரம் ஆக ஆகக் குறையும், தின்றால் ஏறும். எல்லா விளையாட்டிலும் அப்படித்தான் இருக்கிறது என்று நானும் போட்டு வைத்தேன். நீ அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இன்னாடி இது, கரண்ட் மீட்டர் மாதிரி ஒரே சீரா ஓடுது? பசி அப்டியா வரும்?"

"பின்ன எப்படி வரும்?"

"ஒருநாள் நோன்பு இருந்து பாரு, தெரியும். சாப்புடுற நேரத்துக்குக் கரெக்டா வரும். குடுக்கலைன்னா கோச்சிக்கினு போயிடும். அப்புறம் பாதி வேலைல திடீர்னு வந்து நிக்கும்."

உங்கள் வீடு தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் பயிர் வைக்கிற சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவாய். அதனால் என் அம்மா மாலைக் காபியோடு உனக்காக இட்லியும் ஊற்றி வைப்பாள். பசியைப் பற்றி நீ சொன்னால் எதிர்த்துப் பேச எனக்குத் தகுதி இல்லை, நான் சஷ்டிக்குக்கூட மதியத்தோடு விரதத்தை முடித்துக்கொள்கிறவள். பசிக்கோட்டை உன் இஷ்டப்படி மாற்றினேன். அன்றிலிருந்து அது அலை அலையாக வந்து போகிறது. வேறு எந்த விளையாட்டிலும் இல்லாத பசி அது. அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

ஆச்சரியம் என்னவென்றால், எறும்புக்குக்கூட ஒதுங்கி நடக்கிற நீதான் ஊன் தின்னும் டைனோசர்களை அத்தனை அழகாகச் செய்தாய். அவை பதுங்கும்போது தோள்பட்டை இறங்குவதைப் பார்த்தால் நானே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வேன். ஆனால் ஒருநாளும் அவற்றில் ஒன்றாக நீ விளையாடியதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அது பசிக்கு அது துன்னுது. எனக்கு இன்னா பசி?" என்றாய். நீ எப்போதும் நீண்ட கழுத்துதான். பெயர் நெட்டச்சி.

அந்த நெட்டச்சி வகையறாவால் நாம் பட்ட பாடு கொஞ்சமா? அவ்வளவு பெரிய உடம்பு பகல் முழுக்கத் தின்றால்தான் நிறையும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். சரி என்றேன். விளையாடிப் பார்க்க நம் ஊர் நண்பர்களை அழைத்தோம், அவரவர் வீட்டிலிருந்தே எல்லாரும் ஒரே காட்டுக்குள் வரலாம். லாட்ஜில் ரிசப்ஷன் வேலை பார்க்கும் குமரன் தன் வார லீவு நாளைக் கொடுத்து விளையாடிவிட்டு போன் செய்தான்.

"அக்கா, இது டைனோசரா, எங்க பெரியப்பா வூட்டு எருமையா? காலைலருந்து துன்னுக்கினே இருக்குது. நான் எப்பக்கா விளையாடுறது?"

நான் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ மட்டும் சீரியஸாக, "எருமை மாதிரி இருக்குதுன்னு சொன்னானா? அப்போ சரியாத்தான் வந்துருக்குது" என்றாய்.

பிறகு அந்த மலை விவகாரம். வரைபடத்தின் நடுவில் ஒரு மலை வைத்தோம். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலையைத்தான் வைத்தோம், வேறு மலையை நமக்கு எங்கே தெரியும்? சுற்றிலும் காடு, குளம், புல்வெளி. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் நம் ஆட்கள் ஒருவர் விடாமல் மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டே போனார்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் யோசிக்கவும் இல்லை. ஊன் தின்னிகளாக விளையாடியவர்களும் இதே ஊர்க்காரர்கள் ஆயிற்றே, எந்தத் திருப்பத்தில் பதுங்கினால் இரை தானாக வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மொத்தக் கூட்டமும் பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்ததுபோல வரிசையாக வந்து மாட்டியது. விளையாட்டே கெட்டுவிட்டது, எதிர்ப்பக்கத்தில் நல்ல தீனியை வைத்துத் திருப்பி விடுகிறேன் என்றேன்.

"வுடுடி. மிருகத்துக்குன்னு ஒரு தடம் இருக்கும். இதுங்க தடம் இதுதான்" என்று தடுத்துவிட்டாய். தடம் இன்னும் அப்படியே இருக்கிறது.

பெரிய சண்டை கடைசியில் வந்தது. ஒருவர் விளையாட்டை மூடிவிட்டுப் போனால் அவருடைய விலங்கு என்ன ஆவது? அது அப்படியே உறைந்து நிற்கட்டும், பசியும் இல்லை, ஆபத்தும் இல்லை, திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றேன் நான். ஆபீஸ் போகிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரையும் நினைக்க வேண்டாமா? நீ ஒப்புக்கொள்ளவில்லை. ஆள் போனாலும் விலங்கு இருக்கும். நடக்காது, ஆனால் மூச்சு விடும், கழுத்து எட்டும் தூரம்வரை தின்னும், எட்டியது தீர்ந்தால் பசிக்கும், ரொம்ப நாள் வராவிட்டால் செத்துப்போகும்.

"இது கொடுமைடி" என்றேன்.

"பசிக்காத மிருகம் பொம்மைடி" என்றாய்.

யாராவது வந்து தீனி போடுவதுபோல வைக்கலாமா என்று கேட்டேன். "ஒரு மாடு இன்னொரு மாட்டுக்குப் புல்லு கொண்டாந்து போட்டு நீ எங்கனா பாத்துருக்கியா?" என்று கேட்டாய். கோட் என் கையில் இருந்ததால் என் விதியே நின்றது. உன் விதியையும் எழுதி, ஓரமாக ஆஃப் செய்து வைத்தேன். நீ நெட்டச்சியை மலைத்தடத்தின் ஓரம், ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு, காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினாய். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று உன் அண்ணன் போன் செய்தபோதுகூட நான் பெரிதாக நினைக்கவில்லை. காய்ச்சலுக்கெல்லாம் யாராவது சாவார்களா?

அதன் பிறகு பல வாரம் நான் விளையாட்டைத் திறக்கவில்லை. திறந்தபோது நெட்டச்சி அதே மரத்தடியில் நின்றிருந்தாள். ஒரு காலை லேசாகத் தூக்கியபடி. கண் சிமிட்டவில்லை, வயிறு ஏறி இறங்கவில்லை. மழை பெய்தது, அவள்மேல் படவில்லை. கோட்டில் நான் சொன்னபடி எல்லாம் சரியாக நடந்திருந்தது. எனக்குத்தான் பார்க்க முடியவில்லை.

சீக்கிரம் விளையாட்டை வெளியிட வேண்டும், இரண்டில் ஒரு விதியை முடிவு செய்தாக வேண்டும். என் விதி என்றால் நெட்டச்சி என்றைக்கும் அப்படியே நிற்பாள். உன் விதி என்றால் உயிர் வரும், அந்த உயிர் மரத்தடியில் கிடைப்பதைத் தின்றுவிட்டுப் பட்டினியில் சாகும். அவளை மட்டும் விதிவிலக்காக்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை நீ மன்னிக்கவே மாட்டாய் என்றும் எனக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. உன் விதியை ஆன் செய்துவிட்டேன்.

தூக்கிய கால் தரையில் ஊன்றியது. மூச்சு வந்தது. கழுத்து மெல்லத் திரும்பி மரத்தைத் தேடியது. கரக், கரக். நான் அழுதேன்டி, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பிறகு தினமும் காலையில் பார்ப்பேன். முதலில் கீழ்க்கிளைகள் போயின, அப்புறம் உச்சி. நெட்டச்சி கழுத்தை நீட்டி, எட்டாத அடுத்த மரத்தை முகர்ந்துவிட்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் வேலையில் திறக்கவே முடியவில்லை. மறுநாள் பயந்துகொண்டே போனேன். அவள் மென்றுகொண்டிருந்தாள். எதிரே ஒடித்துப் போட்ட கிளைகள், குவியலாக. கூடு கட்டுவதற்காக நாம் வைத்த வசதி அது, கிளையை ஒடித்து வாயில் கவ்விக்கொண்டு போய்ப் போடலாம். தீனி போட என்று நான் ஒன்றும் எழுதவில்லை. குமரனைக் கேட்டேன்.

"அது வழிலதானே நிக்குது, அக்கா. சுத்தி வர்றப்போ ஆளுக்கொரு கிளைய போட்டுட்டுப் போறோம். சும்மா எப்டிக்கா தாண்டிப் போறது?"

கிரிவலப் பாதையில் வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டுத் தொன்னையில் சாதம் கொடுக்கிற ஊர் இது. அதை நாம் மறந்தே போனோம், பார். ஒரு மாடு இன்னொரு மாட்டுக்குப் புல் போடாதுதான். அப்படியென்றால் இவர்கள் போடுவது நிஜமா, விளையாட்டா? இதுங்க தடம் இதுதான் என்றாயே, இதுவும் அதில் சேர்த்தியா? நீ இருந்தால் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டிருக்கலாம்.

அந்தப் பதிவிலிருந்து உன் குரலை நான் வெட்டப் போவதில்லை. கேட்கிறவர்கள் கேட்கட்டும். பேசிக்கொண்டே நேரம் போய்விட்டது, மரத்தடி காலியாக இருக்கும். எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிறது, ஆனாலும் ஒரு கிளை ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் போவேன். நெட்டச்சிக்குப் பசிக்கும்.