மாப்பிள்ளைக்குப் போகும் ரேஸ் சைக்கிள்

மெட்ராஸ் ரேசுக்காக மூர் மார்க்கெட்டில் பிரேம், வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர் என்று ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி அருணகிரி பூட்டிய சைக்கிளை, தங்கை பூவம்மாளின் மாப்பிள்ளைக்குத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் வயலுக்குக் கிளம்பும்போது மனைவிக்குச் சீட்டு எழுதி, சோற்றுப் பானை மூடிமேல் வைத்தான்.

"கோவிந்தம்மா, மாப்ள ஊட்டுக்காரங்க வந்தா நாஷ்டா குடு. சைக்கிளுக்குக் காத்து அடிச்சி வெச்சிருக்கேன். நான் இருந்தா எதனா பேசிடுவேன், சாயங்காலம் வரேன். நேத்து எனக்காக அப்பாகிட்ட சண்ட போட்ட, போதும். கல்யாணம் நின்னுடப் போவுது.

முன் பிரேக்கு வெடுக்குனு புடிக்கும், மாப்ளகிட்ட சொல்லு."

இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதினான்: "கேரியர் வேணும்பாரு. போட்டா ரேஸ் வண்டி கெட்டுதுன்னு சொல்லிடாத. பூவம்மா பின்னால குந்திக்கினு போவணுமில்ல."