எழும்வரை காத்து நின்றவர்

அன்புத் தம்பிக்கு,

கால்பந்தாட்டத்தில் எதிராளியை ஏமாற்றித் தாண்டிய பிறகும் அப்பா ஏன் கோல் பக்கம் ஓடாமல், விழுந்தவர் எழுந்து வரும்வரை பந்தோடு நின்றார் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் அவரைத் தாண்டத்தான் என்று பெல்கிரேடு நகரமே கைதட்டியது. இடது ஓரத்தில் அப்பா ஆடிய காலமெல்லாம் அதிகம் விழுந்தவர் எதிரணியின் ரதோயே மாமாதான்.

நம் குடும்பப் புனிதர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை; நினைவிருப்பவர்கள் தாமாக வருவார்கள். வருகிறவரைத் தடுப்பது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்று உனக்குத் தெரியும். இந்த முறை நான், வருடம் தவறாமல் வரும் மாமாவுக்குப் போன் செய்து, வரவேண்டாம் என்றேன். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு வாய் கோணிவிட்டது, எச்சில் வடிகிறது. அப்பா கூச்சப்படுவார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கூச்சப்பட்டது நான்.

இன்றுதான் புனிதர் நாள். அப்பா கோட்டு அணிந்து, காலையிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கழுதைக்கு வழி மறந்துபோச்சா?" என்று குழறலாகக் கேட்டார்.

விருந்தினருக்கான இனிப்புக் கோதுமையைக் கிளறியபடி, "பனி அதிகம்பா" என்றேன். அவர் இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் சேர்த்து எழுதுகிறேன். காலையில் மணி அடித்தது. வாசலில் ரதோயே மாமா.

"நேத்துக்குத்தானேம்மா வரவேணாம்னு சொன்னே? இன்னிக்கு வரலாமில்ல?"

பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "டேய், எழுந்து வாடா! மெதுவா வா, நான் நிக்கிறேன்" என்றார்.

அப்பா எழ வெகுநேரமாயிற்று. மாமா நின்றுகொண்டே இருந்தார்.

உன் அக்கா