அம்பு ஒட்டிய இடத்திலேயே முறிந்தது

கீழ் டிவிஷன்,
றக்வான.
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் சசிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சாமி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், ஜோர்தான் குளிரில் நீயும் உன் அறையில் இருக்கும் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பைப் பூசுகிறார், பூசிய கையைக் கழுவாமல் சோற்றில் வைக்கப் பார்க்கிறார், நான் கத்துகிறேன், அதெல்லாம் நீ போகும்போது இருந்த மாதிரியே இருக்கிறது. மல்லிகா அக்காவின் மகள் வெள்ளிக்கிழமை உன் பக்கம் புறப்படுகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தையும் இடித்த மிளகாய்த்தூளும் கொஞ்சம் மாசிக் கருவாடும் கொடுத்துவிடுகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கே குறுக்கே பேசிக் கதையைக் கெடுத்துவிடுவார். அதோடு நான் சொல்லப்போகிற விஷயத்தில் முதல் பாதி உனக்குக் கோபம் வரும், மறு பாதி சந்தோஷம் வரும், போனில் சொன்னால் நீ முதல் பாதியிலேயே அழத் தொடங்கிவிடுவாய். ஆகவே கடைசி வரைக்கும் வாசி.

நான் பதினான்கு வருஷம் துணியில் பிழை பார்க்கிற வேலை செய்த கார்மென்ட்ஸைத் தை மாதமே மூடிவிட்டார்கள். ஓடர் இல்லை என்றார்கள், எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஒரு கடிதம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இத்தனை மாதமாக நான் உன்னிடம் வேலைக்குப் போய் வந்தேன் என்று சொன்னதில் பொய் இல்லை, எந்த வேலை என்று மட்டும் சொல்லவில்லை. கொடகவெல டவுனில் நிலாம் முதலாளியின் கடை உனக்குத் தெரியும்தானே, ஆணி, பெயின்ட், தண்ணீர்க் குழாய் விற்கிற கடை. அதில் ஒரு பக்கம் அவர் இப்போது மீன்பிடிச் சாமான் போட்டிருக்கிறார். லீவு நாளில் ரீல் பூட்டிய தூண்டில் கம்பை, ரொட் என்பார்களே அதை, எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போவது இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. அந்தப் பக்கத்தைப் பார்க்கத்தான் என்னை எடுத்தார். உன் அம்மா பிறந்ததிலிருந்து ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை, ஆனால் ரொட் விற்றேன். பெட்டியில் வாயைப் பிளந்த ஒரு மீன் படம் போட்டு பாஸ் என்று எழுதியிருக்கும். அது அமெரிக்கக் குளத்து மீனாம், இங்கே அது இல்லை, ஆனால் நம் விரால், சிங்களத்தில் லூலா என்பார்களே, அதைப் பிடிக்கவும் அதே மாதிரி ரொட்தான் சரியாம். நான் பெட்டியில் இருந்ததைப் பாடமாக்கி எல்லோரிடமும் நல்ல சாமான் என்று சொல்லி விற்றேன்.

சித்திரை முடிந்ததும் விற்ற ரொட்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சிலர் கத்தினார்கள், ஒருவர் முறிந்த துண்டை மேசையில் எறிந்தார், அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஒரு நாள் ஒரு சிங்களப் பள்ளிக்கூட மாஸ்டர் வந்தார். மகளுக்குப் பிறந்தநாளுக்கு வாங்கிய ரொட்டாம், அந்தப் பிள்ளைக்கு முதல் மீன் மாட்டிய அன்றே முறிந்துபோனதாம். அவர் சத்தம் போடவில்லை. இரண்டு துண்டையும் மெதுவாக வைத்துவிட்டு, நோனா, நீங்கள் நல்லது என்று சொன்னதால்தான் வாங்கினேன் என்று சிங்களத்தில் சொன்னார். சசி, பதினான்கு வருஷத்தில் நான் பார்த்து விட்ட ஒரு சட்டைகூடத் திரும்பி வந்ததில்லை. தெரியாத சாமானை நல்லது என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேனே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே நினைப்பு. நிலாம் முதலாளியும் மனம் விட்டுப்போனார். “தங்கச்சி, இந்த யாவாரம் நமக்குச் சரிவாரல்ல, மாசக் கடைசியோட மூடிருவம்” என்றார். மூடினால் எனக்கும் வேலை இல்லை.

மறுநாள் நான் திரும்பி வந்த முப்பத்தொரு ரொட்டையும் பின்கட்டில் தரையில் வரிசையாக வைத்தேன், கார்மென்ட்ஸில் ரிஜெக்ட் துணியைப் பிரித்து வைப்போமே, அதே மாதிரி. எது எங்கே போயிருக்கிறது என்று கொப்பியில் எழுதினேன். எழுத எழுத எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பத்தொன்பது ரொட் இரண்டு துண்டும் சேர்கிற மூட்டுக்கு மேலே நாலு விரல் தூரத்துக்குள் முறிந்திருக்கின்றன. ஏழில் ரொட் முறியவில்லை, நூல்தான் அறுந்திருக்கிறது. நூல் ஓடுகிற வளையத்துக்குள் பஞ்சை விட்டு இழுத்துப் பார்த்தேன், ஏழிலும் பஞ்சு பிடித்தது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, அதுதான் கத்தி மாதிரி நூலை அறுத்திருக்கிறது. மிச்சம் ஐந்தில் ரீல் பூட்டுகிற இடம் ஆடிக் கழன்றிருக்கிறது. அப்புறம் கடையில் இருந்த புது ரொட்டை ஒவ்வொன்றாக எடுத்து, பிடிப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் நுனி வரை பார்த்தேன், வளையங்கள் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று. மூட்டைச் சேர்த்துக் காதோடு வைத்து ஆட்டினேன், டிக் டிக் என்றால் உள்ளே இடைவெளி இருக்கிறது. நுனியைச் சீலிங்கில் ஊன்றி மெதுவாக அழுத்தினேன். நல்ல ரொட் வாழைமட்டை மாதிரி சீராக வளையும், பழுதானது ஓர் இடத்தில் முழங்கை மடிகிற மாதிரி மடியும். விலை குறைந்த சாமான் என்றால் எதிலாவது குறைத்துத்தான் இருப்பார்கள் மகளே, பெயின்டில் குறைத்தால் மீனுக்கு என்ன கவலை, மூட்டில் குறைத்தால்தான் மோசம். இதுதான் நான் கண்டது. அப்பாவிடம் சொன்னேன், “இதுக்குப் போயி ராப்பகலா யோசிச்சியாக்கும்” என்று சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து எம்பிலிபிட்டியப் பக்கத்து மீன்பிடிக் கிளப் ஒன்று அறுபது ரொட் கேட்டது, புதிதாகச் சேருகிறவர்களுக்குப் போட்டி வைக்கிறார்களாம், ஒன்று நாலாயிரத்துக்கு மேல் போகக் கூடாதாம். முதலாளி கடைசி முயற்சி என்று கொழும்பு ஏஜென்டை வரச் சொன்னார். அவன் இரண்டு வகை கொண்டு வந்தான். ஒன்று சிவப்பும் தங்க நிறமுமாகப் பளபளவென்று, கார்பன் என்று பெரிதாக எழுதி, பிடியெல்லாம் வழவழ. மற்றது பாசி நிறம், ஒரு பூச்சும் இல்லை, பிடிக்குக் கறுப்பு ஸ்பொஞ்ச், விலையும் அறுநூறு ரூபாய் குறைவு. முதலாளிக்குச் சிவப்பில் ஆசை. நான் சிவப்பில் இருபதை எடுத்துப் பார்த்தேன். என் கைப்பையில் கார்மென்ட்ஸில் மிஞ்சிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர் இருந்தது, துணியில் பிழை உள்ள இடத்தைக் காட்ட ஒட்டுவோமே அதுதான். இருபதில் பதினொன்றில் அம்பு ஒட்டினேன். பாசி நிறத்தில் இருபதுக்கு ஒன்றில்தான் ஒட்ட வேண்டி வந்தது. ஏஜென்ட் கெக்கே கெக்கே என்று சிரித்தான். “அக்கா, இது பிளவுஸ் இல்ல தையல் பாக்குறதுக்கு. நீங்க எத்தன மீன் புடிச்சிருக்கீங்க?” என்றான். ஒன்றும் பிடித்ததில்லை என்றுதான் சொன்னேன், முகம் எரிந்தது. முதலாளி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். “தங்கச்சி, கண்ணுக்கு நல்லாத்தானே ஈக்கிது” என்றார். “மொதலாளி, இத நீங்க எடுத்தா நான் ஒண்ணுகூட என் கையால விக்க மாட்டேன், வேற ஆளப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அப்பாவின் மருந்து, வீட்டுச் செலவு எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

முதலாளி நல்ல மனுஷன், கிளப் செயலாளரையே கேட்போம் என்றார். அடுத்து வந்த ஞாயிறு காலை இரண்டு வகையையும் வேனில் ஏற்றிக்கொண்டு குளக்கட்டுக்குப் போனோம், அப்பாவும் கூட வந்தார், துணைக்கு என்று சொன்னார், வேடிக்கை பார்க்கத்தான். செயலாளர் வயதான சிங்கள ஐயா, நாற்பது வருஷமாக மீன் பிடிக்கிறவராம். கிளப் ஆட்கள் இருபது பேர் கூடிவிட்டார்கள், பெண் என்று நான் ஒருத்திதான். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலை நூலில் கட்டிச் சரிவாகத் தூக்கிப் பார்ப்போம் என்றார் ஐயா. அம்பு ஒட்டிய சிவப்பில் ஒன்றை எடுத்தார். அந்த அம்பு எதற்கு என்று கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன், ஐயா, முறிந்தால் இந்த இடத்தில்தான் முறியும் என்று. எல்லோரும் சிரித்தார்கள். ஏஜென்டும் சிரித்தான். ஐயா தூக்கினார், போத்தல் தரையை விட்டு ஒரு சாண்கூட எழும்பியிருக்காது, பட்டாசு மாதிரி ஒரு சத்தம். குனிந்து எடுத்துப் பார்த்தார். என் அம்பு இரண்டாகக் கிழிந்திருந்தது, பாதி ஒரு துண்டில், பாதி மறு துண்டில்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை சசி. ஏஜென்ட் மட்டும், ஒன்று இரண்டு அப்படித்தான் இருக்கும் என்றான். ஐயா அம்பு ஒட்டிய இன்னொன்றை எடுத்தார். அதுவும் அம்பில் முறிந்தது. மூன்றாவது விரல் அளவு தள்ளி முறிந்தது, அதைப் பார்த்துவிட்டு அப்பா, “ஒரு வெரல் தப்பிருச்சு கலா” என்று சத்தமாகச் சொன்னார், தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், இந்த முறை எனக்காகச் சிரித்தார்கள். பிறகு பாசி நிறத்தில் ஒன்றை என் கையிலேயே கொடுத்துத் தூக்கச் சொன்னார். ஒரு போத்தல் தூக்கினேன், இரண்டு போத்தலைக் கட்டினார்கள், அதையும் தூக்கினேன். ரொட் வளைந்து நுனி தண்ணீரைப் பார்த்தது, கைக்குள் அது துடிப்பது தெரிந்தது, ஆனால் ஒரு சத்தம் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். இறக்குங்கள் என்று ஐயா சொல்லும் வரைக்கும் இறக்கவில்லை. “ஹரி நோனா”, சரியம்மா என்றார், அறுபதும் இதில்தான் வேண்டும், ஒவ்வொன்றையும் நோனாதான் பார்த்துத் தர வேண்டும், அம்பு ஒட்டியது ஒன்றும் வரக் கூடாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஏஜென்ட் முறிந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது என்று சொல்ல ஆசை, ஆனால் இருக்கவில்லை.

நேற்றும் இன்றும் போட்டி நடந்தது, இப்போதுதான் வந்து கால் கழுவிவிட்டு எழுத உட்கார்ந்தேன். அறுபது ரொட்டில் ஒன்றுகூட முறியவில்லை, ஒரு நூல்கூட வளையத்தில் அறுபடவில்லை. நாலு கிலோ லூலா ஒன்று புல்லுக்குள் ஓடப் பார்த்தது, ஒரு ஆசிரியை இழுத்துக் கரையில் போட்டார், கரையே கத்தியது, நானும் கத்தினேன், தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் என்னையும் வீசச் சொன்னார்கள். நான் வீசியது அப்பாவின் தொப்பியில் மாட்டியது. தொப்பிதான் என் முதல் மீன். நிலாம் முதலாளி அங்கேயே எல்லோர் முன்னாலும், இனிமேல் மீன்பிடிச் சாமான் எது வாங்கினாலும் கலா தங்கச்சி பார்த்துச் சரி என்று சொன்னால்தான் காசு கொடுப்பேன் என்றார். வருகிற மாதம் என்னைக் கொழும்புக்கு மொத்தக் கடைகளுக்குக் கூட்டிப் போகிறார், கார்மென்ட்ஸில் வாங்கியதைவிடச் சம்பளமும் கூட. முடி நரைத்த பிறகு உன் அம்மாவுக்குப் பதவி உயர்வு.

இப்போது கோபப்படு, நியாயம்தான். கார்மென்ட்ஸை மூடினது தெரிந்தால் நீ இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கிறேன் என்று நிற்பாய், அதற்குப் பயந்துதான் மறைத்தேன். அங்கே தையல் மெஷினில் உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறது என்று நீ ஒருமுறை வாய் தவறிச் சொன்னதை நான் மறக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு குளிரில் போகாதே, உன் பாஸ்போட்டை உன் கையிலேயே வைத்துக்கொள். ஒப்பந்தம் மார்கழியில் முடிகிறது, அடுத்த இரண்டு வருஷத்துக்குத் தாளை நீட்டுவார்கள், உனக்கு அங்கே பிடித்திருந்தால் போடு, எங்களுக்காக என்றால் கையெழுத்துப் போடாதே. வீட்டை நான் பார்த்துக்கொள்வேன், என்னால் முடியும், இதை இன்று உனக்குத் தைரியமாக எழுதுகிறேன். நம் மாரியம்மா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள், நீ நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும் தங்கமே.

உன்னை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
செ. விஜயகலா.

அப்பா சொல்லச் சொன்னது: தொப்பியில் இரண்டு ஓட்டை விழுந்துவிட்டது, வரும்போது புதிது ஒன்று வாங்கி வரட்டுமாம்.